சிறுபோகத் தண்ணி முறை கணிக்கிற நிரலுக்கு ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்

மண்வெட்டி (வட்டக்கச்சி)

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் மாமா இங்கே ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர். சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்து நெல்லுக்கு) குளத்தின் துருசைத் திறந்து, முறை வைத்துத் தண்ணி விடத் தொடங்கினால் அவருடைய போனுக்கு ஓய்வே கிடையாது. விடிய நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும். "இண்டைக்கு ஆற்ற முறை?" "எங்கட பக்கம் எத்தினை மணிக்குத் தண்ணி வரும்?" இதே இரண்டு கேள்விதான், கேட்கிற ஆள் மட்டும் மாறும். பதில் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. யாருக்கு எத்தனை ஏக்கர், எந்தக் கிளை வாய்க்கால், ஏக்கருக்கு எவ்வளவு நேரம், யார் யாரோடு முறை மாற்றிக்கொண்டார்கள் என்று பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, சில தாள்களில் ஓட்டையே விழுந்துவிட்டது.

போன சிறுபோகத்தில் அந்த ஓட்டைத் தாளால்தான் பிரச்சினை வந்தது. ஒரே இரவு இரண்டு பேருக்கு முறை விழுந்துவிட்டது. இரண்டு பேரும் இரவு இரண்டு மணிக்கு டோர்ச்சும் மண்வெட்டியுமாக ஒரே மடையடிக்கு வந்து நிற்கிறார்கள். ஒருவர், நெல் குடலையில் நிற்கிறது, இன்றைக்குத் தண்ணி கிடைக்காவிட்டால் பதராகிவிடும் என்கிறார். மற்றவர் ஒன்றும் பேசாமல் மடையை வெட்டத் தொடங்கிவிட்டார். மாமா கட்டியிருந்த சாரத்தோடு ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றதை நான் பின்னால் நின்று பார்த்தேன். அன்று விடிய வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கியதுதான் இந்த நிரல்.

பைதனில் எழுதியது. 400 வரி கூட இல்லை. ஏக்கர்க் கணக்கையும் கிளை வாய்க்கால்களையும் ஒரு எக்செல் தாளில் கொடுத்தால் யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று அதுவே அடுக்கித் தரும். ஒரே மடைக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழுந்தால் நின்றுவிடும், மேலே போகாது. முதல்நாள் பின்னேரம் உரிய ஆளுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகும். பொத்தான் போன் வைத்திருக்கிற ஐயாமாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் வட்ஸ்அப்பில் செய்யவில்லை.

வவுனிக்குளத்தில் ஒரு அண்ணை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார், மன்னாரில் இருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே யாரும் எடுத்துப் பாவிக்கிற மாதிரித் திறமூலமாக, நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அங்கே பெயர் கேட்கிற கட்டத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். இப்போதைக்கு என் கோப்புறையின் பெயர் "டெஸ்ட் 2 புதிசு".

யோசித்த பெயர்கள் இவை: "ஸ்மார்ட் இரிகேஷன் வன்னி", கூட்டாளிமார் சொன்ன "பண்டாரவன்னியன்", நான் விரும்புகிற "வாய்க்கால்", பிறகு "துருசு". பெயர் தமிழாக இருக்க வேண்டுமா, ஆங்கிலமா? பெயரைக் கேட்டவுடனேயே வேலை விளங்க வேண்டுமா, இல்லை வடிவான பெயராக இருந்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பனங்கூடல் (பரந்தன், இப்போது கொழும்பில்)

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர். ஏற்ற முதலே பெயரைப் பற்றிக் கேட்டது அதைவிட நல்லது, ஏனென்றால் ஆட்கள் பாவிக்கத் தொடங்கிய பிறகு பெயர் மாற்றுவது விதைத்த பிறகு வரம்பை மாற்றிக் கட்டுகிற மாதிரி. முடியும், ஆனால் முளைத்ததில் பாதி மிதிபட்டுப் போகும்.

பயர்பொக்ஸ் உலாவியின் கதையைப் பாரும். 2002இல் அதன் பெயர் பீனிக்ஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே பீனிக்ஸ் டெக்னோலஜிஸ் என்ற நிறுவனம் இருந்ததால் 2003இல் பயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரிலும் ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்தது, அதுவும் திறமூலம்தான், அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 2004 பெப்ரவரியில்தான் பயர்பொக்ஸ் ஆனது. அவர்களிடம் ஆட்களும் பெயரும் இருந்தபடியால் தாக்குப்பிடித்தார்கள். உம்மைப் போலத் தனியாக எழுதுகிற ஒருவருக்கு ஒரு பெயர்மாற்றமே போதும், பழைய பெயரைத் தேடுகிற ஆள் புதிய இடத்துக்கு வந்து சேராது.

இரண்டாவது விஷயம் தேடல். கூகிள் 2009இல் வெளியிட்ட நிரல்மொழிக்கு "கோ" என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, அதுவும் எல்லோரும் எந்த நேரமும் பாவிக்கிற வினைச்சொல். தேடினால் ஒன்றும் அகப்படாமல் எல்லோரும் "கோலாங்" என்று தட்டப் பழகிக்கொண்டார்கள். போதாததற்கு அதற்கு முதலே கிட்டத்தட்ட அதே பெயரில், பின்னால் ஒரு ஆச்சரியக்குறியோடு, இன்னொரு மொழியும் இருந்தது. உம்முடைய "ஸ்மார்ட் இரிகேஷன் வன்னி"க்கும் இதே கதிதான் வரும். முதல் இரண்டு சொல்லும் உலகம் முழுக்க மோட்டரும் சென்சரும் விற்கிறவர்களுடைய சொற்கள். மூன்றாவது சொல் எங்களுக்கு ஊர், ஆனால் இத்தாலியில் அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். உம்முடைய நிரல் இந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ 40ஆம் பக்கத்தில் கிடக்கும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டீர். சொல் தமிழாக இருக்கட்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழுத்து இரண்டிலும் வேண்டியிருக்கும். பைதன் பொதிகள் (இறக்கிப் பாவிக்கிற நிரல்கள்) இருக்கிற பைபிஐயில் பெயருக்கு ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு இவ்வளவும்தான் செல்லும். கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரைத் தமிழில் தட்டினால் அது எழுத்தையெல்லாம் சிறுகோடாக்கிவிடும். ஆகவே ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சிதையாத தமிழ்ச் சொல்லாகப் பார்த்து எடும். இதுதான் உண்மையான கஷ்டம், மற்றதெல்லாம் சுலபம்.

இன்னொன்று, டேர்மினலில் தட்டுகிற கட்டளையின் பெயர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுகிற நோட்ஜேஎஸ் வந்தபோது அதன் கட்டளை "நோட்". டெபியன் என்ற லினக்ஸில் அதே கட்டளைப் பெயரில் வானொலி ஆர்வலர்கள் பாவிக்கிற ஒரு பழைய நிரல் முதலே இருந்தது. அதனால் டெபியன் பாவிப்பவர்கள் பல வருடம் "நோட்ஜேஎஸ்" என்று முழுதாகத் தட்ட வேண்டியிருந்தது. பெயர் முடிவானதும் பைபிஐ, கிட்ஹப், என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள் இருக்கிற இடம்), டெபியன் பொதிப்பட்டியல் நாலிலும் தேடிப் பாரும். அரை மணித்தியால வேலை.


ஒட்டுசுட்டான் அக்கா

தம்பி, நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பெயர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"வாய்க்கால்" வேண்டாம். நீர் சொல்வது வயல் வாய்க்கால் என்று எனக்கு விளங்குகிறது, ஆனால் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் தேடினால் முள்ளிவாய்க்கால்தான் வரும், 2009 மேதான் வரும். படங்களோடு வரும். எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் வயலைப் பற்றிக் கதைக்கும்போது "கான்" என்றுதான் சொல்லுவா, அந்த மற்றச் சொல்லை எடுக்க மாட்டா. இரவு ஏழு மணிக்கு அவவின் போனில் அந்தச் சொல்லோடு ஒரு செய்தி வந்து விழுவதை நான் விரும்பவில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. உம்முடைய நிரலைப் பாவிக்கப் போகிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள்.

பண்டாரவன்னியன் பற்றி. எங்கள் வீட்டில் இருந்து கற்சிலைமடு நடுகல்லுக்குச் சைக்கிளில் போய் வரலாம். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், அதே வருடம் ஒக்டோபர் 31இல் அந்த இடத்தில் தோற்றார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் பெயர் மீது எனக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுக்கு அதை ஒரு நிரலுக்கு வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மென்பொருள் என்றால் பிழைக்கும். நாளைக்கு ஒருவர் "பண்டாரவன்னியன் வேலை செய்யுதில்லை, அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடு" என்று சொல்லுவார். வைத்தவர்களுக்கே அது காதில் குத்தும். அதோடு ஒரு கந்தோரில் கணினியில் ஏற்ற வேண்டி வந்தால் நிரல் என்ன செய்கிறது என்று கேட்க முதல் பெயர் ஏன் இப்படி என்றுதான் கேட்பார்கள். அந்த விளக்கத்துக்கே உம்முடைய நேரம் போய்விடும்.

நீளத்தையும் கணக்குப் பாரும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துத்தான், ஆங்கிலத்தில் என்றால் 160. தமிழில் அந்த 70க்குள் கொம்பும் விசிறியும் குற்றும் தனித்தனியாக எண்ணப்படும். "பண்டாரவன்னியன்" என்று எழுதினால் 14 போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்துக்குள் ஆளின் பெயர், நாள், தொடங்குகிற நேரம், முடிகிற நேரம் எல்லாம் வர வேண்டும். தாண்டினால் இரண்டு செய்திக் காசு, ஒரு போகம் முழுக்க, எல்லோருக்கும். நான் இதைப் பிள்ளைகளோடு வகுப்பில் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். "துருசு" 6, "மடை" 3.


கொப்பியும் பேனையும் (கிளிநொச்சி)

அக்கா சொன்னது சரி. நான் வேறு ஒரு பக்கத்தில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டவன்.

சில வருடங்களுக்கு முதல் பால் சேகரிக்கிற ஒரு சங்கத்துக்குக் கணக்கு நிரல் ஒன்று செய்து கொடுத்தேன். ஒரு நிறுவனம் கணினியும் கொஞ்சப் பணமும் தந்தது. அதற்குப் பதிலாக நிரலின் பெயரில் அவர்களுடைய செயற்திட்டத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். அது ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துச் சுருக்கம், விரித்தால் ஒரு வரி. நானும் யோசிக்காமல் சரி என்றேன். இரண்டு வருடத்தில் செயற்திட்டம் முடிந்தது. அடுத்த செயற்திட்டத்துக்கு வந்தவர்கள் அந்தப் பழைய பெயரில் எதையும் தொட மறுத்தார்கள். சங்கத்துக்காரர் அதை "பழைய புரஜெக்ட்" என்று சொல்லத் தொடங்கினார்கள், பிறகு அப்படிச் சொல்லிச் சொல்லியே பாவிக்காமல் விட்டுவிட்டார்கள். நிரலில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனம் ஆறுவதில்லை. உம்மிடமும் யாராவது காசோடு வருவார்கள். காசை வாங்கும், நன்றியை விளக்கக் கோப்பில் எழுதும், பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிறது இல்லை. வயர்ஷார்க் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த வலையமைப்புக் கருவி 2006 வரைக்கும் ஈதீரியல் என்ற பெயரில் இருந்தது. எழுதியவர் வேலை மாறினார். நிரல் திறமூலம், ஆகவே அவரோடு வந்தது. பெயரின் வணிகக்குறி பழைய நிறுவனத்திடம் இருந்தது, அது வரவில்லை. ஹட்சன் என்ற கருவி 2011இல் ஜென்கின்ஸ் ஆனதும், ஓபன் ஓபிஸைப் பிரித்து எடுத்தவர்கள் 2010இல் லிப்ரே ஓபிஸ் என்று வைத்துக்கொண்டதும் இதே மாதிரியான கதைதான். உரிமம் நிரலுக்குத் தருகிற சுதந்திரத்தைப் பெயருக்குத் தருவதில்லை. திறமூல உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி உரிமம் 2.0இல் வணிகக்குறி இதில் அடங்காது என்று தனிப் பிரிவே இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரோடு மோதக் கூடாது என்பதற்கு 2016 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். என்பிஎம்மில் ஒருவர் "கிக்" என்று ஒரு சின்னப் பொதி வைத்திருந்தார். அதே பெயரில் இருந்த செய்திச் செயலி நிறுவனம் பெயரைக் கேட்டது, அவர் கொடுக்கவில்லை, என்பிஎம் பறித்துக் கொடுத்தது. அவர் கோபத்தில் தன்னுடைய 273 பொதிகளையும் எடுத்துவிட்டார். அதில் ஒன்று வெறும் 11 வரி. அந்த 11 வரியை நம்பியிருந்த நிரல்கள் உலகம் முழுக்கக் கட்டமைக்க முடியாமல் நின்றன. தொடக்கம் ஒரு பெயர்ச் சண்டை.

இலங்கையில் வணிகக்குறிகள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிகிறார்கள். நீர் பதியத் தேவையில்லை, ஆனால் மோட்டர் விற்கிறவர்களோ உரம் விற்கிறவர்களோ அதே பெயரை வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாரும். ஊரில் ஒரு கடைப் பலகையில் இருந்தாலும் தவிர்க்கிறது நல்லம்.


நாவல்மரம் (முள்ளியவளை)

"மடை" என்று வையும். மூன்றே எழுத்துக்குறி, ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. "துருசு" நல்ல சொல்தான், ஆனால் அது குளத்தில் இருக்கிறது, திறப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். தமிழ்நாட்டில் அதை மதகு என்பார்கள், துருசு என்றால் அங்கே பலருக்கு மயில்துத்தம்தான் ஞாபகம் வரும். மடை அப்படி இல்லை. அது வயல்காரன் தன் கையால் வெட்டித் தன் கையால் கட்டுகிறது. உம்முடைய நிரல் செய்கிற வேலையும் அதுதானே, இந்த மடையை எப்போது வெட்டுவது, எப்போது கட்டுவது என்று சொல்வது. அந்த இரவு இரண்டு பேரும் வந்து நின்றது மடையடியில் என்று நீரே எழுதியிருக்கிறீர்.

எனக்கு இந்தச் சொல்லில் இன்னொரு பிரியம். வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் காட்டா விநாயகர் கோவிலில் இருந்துதான் வற்றாப்பளை அம்மனுக்கு மடைப்பண்டம் போகும். சின்ன வயதில் அந்தப் பண்டங்களுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன், கடல் தண்ணியில் விளக்கு எரிவதை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். தெய்வத்துக்குப் படைக்கிற சோறும் மடை, அந்தச் சோறு விளைகிற வயலுக்குத் தண்ணி போகிற வழியும் மடை. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடப் போகிறீர்?


பாலியாறு (வவுனிக்குளம்)

நிரலைக் கேட்ட ஆள் நான்தான். மடை எனக்கும் பிடித்த சொல், ஆனால் கூட்டத்தில் யாருக்காவது நேரம் பிழைத்துச் செய்தி போனால் அன்றைக்கே "மடையன்" என்று பேர் வைத்துவிடுவார்கள், பிறகு அந்தப் பேர் உன்னை விட்டுப் போகாது. மடை திறக்கிறவனுக்கு வந்த பெயர் என்றும் ஒரு கதை இருக்கிறது என்று நீ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவா முடியும். சிங்களத்திலும் "மட" என்றால் சேறு. முறை என்கிற சொல் எங்கேயாவது பெயருக்குள் வரப் பார், தம்பி. சனம் போனில் கேட்கிறது அதைத்தான்.


கட்டுக்கரை (மன்னார்)

பாலியாறு அண்ணை சொன்ன "முறை"யைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இடறுகிற இடங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஊர்ப் பெயர்ப்பலகைகளே சாட்சி. வட்டக்கச்சியின் "ட்ட"வுக்கு எங்களில் பலர் இரண்டு டி போடுவோம், தமிழ்நாட்டுக்காரர் ரிவிக்குப் போடுகிற ரியை இரண்டு தரம் போடுவார்கள். வற்றாப்பளையின் "ற்ற"வை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ழகரம் வந்தால் சொல்லவே வேண்டாம். எங்கள் ஆட்கள் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தின் முகவரியில் ககரத்துக்கு எச் போட்டிருக்கிறார்கள், நாங்கள் உச்சரிக்கிறபடி. ஜி போட்டுத் தேடிக்கொண்டிருந்த சென்னை நண்பர் ஒருவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆகவே சனம் கேட்கிற "ஆற்ற முறை" (யாருடைய முறை) என்பதையே பெயராக வைத்தால் அது எவ்வளவு வடிவாக இருந்தாலும், ஆறும் அதற்குள் இருந்தாலும், ற்ற இருக்கிறபடியால் விட்டுவிடலாம். பொதியின் பெயர் எழுத்துப்பிழையாகிப் போனால் தேடல் தவறுவது மட்டும் இல்லை, வேறு யாராவது அந்தப் பிழையான பெயரில் கெட்ட நிரலைப் போட்டு வைத்திருந்தால் அது கணினிக்குள் இறங்கிவிடும். இதை வேலையாகவே செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"முறை" மட்டும் தனியாக நின்றால் தேடலில் காணாமல் போகும். மலாய் மொழியில் அதே உச்சரிப்பில் ஒரு குருவி இருக்கிறது, பாட்டுக்குப் பெயர்போன குருவி, முழுக்க அதன் படங்கள்தான். ஆகவே முன்னால் ஒரு சொல் வேண்டும். "தண்ணிமுறை" ஆங்கிலத்தில் சரியாக 11 எழுத்து. குறுஞ்செய்தி அனுப்புகிறவர் பெயராக இலக்கத்துக்குப் பதில் சொல் போடுவதென்றால் உச்சவரம்பும் 11தான், மட்டுமட்டாகப் பொருந்தும். ஆனால் தண்ணிக்கு எத்தனை என், எச் வருமா வராதா என்று ஆளுக்கு ஆள் மாறும். தண்ணி என்றால் சாராயக் கதையும் வரும். "நீர்முறை" என்றால் ஆங்கிலத்தில் 9 எழுத்து, தமிழில் 8 குறி. சிங்களத்தில் கெட்ட பொருள் எதுவும் எனக்குத் தென்படவில்லை, முரகரு என்றால் காவல்காரன், அவ்வளவுதான். இதையும் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் பதவியாவில் இருந்தோ பொலன்னறுவையில் இருந்தோ ஒருவர் எடுத்துப் பாவிக்கலாம், பாவிக்க வேண்டும். கொக் என்ற பிரெஞ்சு மென்பொருளுக்குச் சேவல் என்றுதான் பொருள், ஆங்கிலத்தில் அந்த உச்சரிப்பு ஆபாசமாகக் கேட்டபடியால் 30 வருடத்துக்கு மேல் கழித்து ரொக் என்று மாற்றினார்கள்.

தமிழ்ப் பெயர் வெளியே எடுபடுமா என்ற பயம் வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸின் பெயர் தென்னாபிரிக்கச் சொல், 2004இல் இருந்து உலகமே சொல்கிறது. நாங்கள் கணினியில் தமிழ் தட்டப் பழகியதே எ-கலப்பையில். அதுவும் வயலில் இருந்து எடுத்த பெயர்தான்.


மண்வெட்டி (வட்டக்கச்சி)

எல்லோருக்கும் நன்றி. அக்கா, "வாய்க்கால்" பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மாமியிடம் கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினா. அந்தப் பெயரை அன்றைக்கே விட்டுவிட்டேன். பண்டாரவன்னியனையும் கூட்டாளிமாரிடம் சொல்லி விட்டாயிற்று. அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்கிற கதையைச் சொன்னதும் அவர்களே வேண்டாம் என்றார்கள்.

மிச்சம் இருந்த நாலையும் சோதித்துப் பார்த்தேன். சனிக்கிழமை பின்னேரம் வயலுக்குள் நின்று, பக்கத்து வரம்பில் தண்ணி இறைக்கிற மோட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஒன்பது பேருக்குப் போன் எடுத்து ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒருதரம் சொன்னேன். கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொன்னேன். "துருசு" நாலு விதமாக வந்தது, முதல் எழுத்தே ரியா டியா என்று பிரிந்துவிட்டது. "தண்ணிமுறை" ஐந்து விதம், கட்டுக்கரை அண்ணா சொன்னபடியேதான். "மடை"யை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள், ஆனால் மோட்டர்ச் சத்தத்தில் இரண்டு பேருக்கு "மாடு" என்றுதான் கேட்டிருக்கிறது, அதில் ஒருவர் வயலுக்குள் மாடு இறங்கிவிட்டது என்று பதறிவிட்டார். "நீர்முறை" ஏழு பேர் ஒரே மாதிரி, மற்ற இரண்டு பேர் இரண்டு ஈக்குப் பதிலாக ஒரு ஐ போட்டிருந்தார்கள். அந்த எழுத்துக்கூட்டலிலும் ஒரு பெயரைப் பதிந்து இங்கே திருப்பிவிட யோசித்திருக்கிறேன்.

எனக்கு "நீர்முறை"யில் ஒரு குறை இருந்தது, வயலில் யாரும் நீர் என்று சொல்வதில்லையே என்று. கமநல சேவை நிலைய அறிவித்தலில் மட்டும் வருகிற சொல் மாதிரிப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்காக மாமாவின் கிளை வாய்க்காலில் 11 பேருக்கு அந்தப் பெயரோடு செய்தி அனுப்பினேன். "நீர்முறை: நாளை காலை 6 மணி முதல் 9 மணி வரை." கொஞ்ச நேரத்தில் கடைசி மடைக்கார ஐயா எடுத்தார். அவர் வழக்கமாக மாமாவுக்கு ஒருநாளில் நாலு தரம் எடுக்கிற ஆள். "தம்பி, நீர் முறை எண்டு வந்திருக்கு. அப்ப நாளைக்கு என்ர முறைதானே?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. வைத்த பிறகுதான் விளங்கியது, அவர் அந்த "நீர்" தன்னைத்தான் சொல்கிறது என்று எடுத்திருக்கிறார். "நீர் வாரும், இரும்" என்று எங்களை அவர் கூப்பிடுகிற அதே நீர். ஆம் ஐயா, உங்கட முறைதான் என்று திரும்ப எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு அவர் மாமாவுக்குப் போன் எடுக்கவில்லை.

ஆகவே நீர்முறை. பொதிக்கும், கட்டளைக்கும், செய்தியில் வருவதற்கும் அதே ஒரு பெயர். நாவல்மரம் அண்ணா கோவிக்க வேண்டாம், நிரலுக்குள் ஒவ்வொரு திறப்புக்கும் நான் வைத்திருந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு "மடை" என்று மாற்றிவிட்டேன், எக்செல் தாளின் தலைப்பிலும் அதுதான். உரிமம் எம்ஐடி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம். பெயர் யாருடையது என்று கேட்டால், அமைப்பினுடையது என்று விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி மாமாவிடம் வாசித்துக் காட்டினேன், அடுத்த கூட்டத்தில் அறிக்கையில் பதிவதாகச் சொன்னார்.

பனங்கூடல் அண்ணா சொன்ன நாலு இடத்திலும் இன்று இரவு தேடிவிட்டு, மோதவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன். பாலியாறு அண்ணை, உங்கள் பக்கத்து வாய்க்கால் பட்டியலை அதற்குள் அனுப்ப முடியுமா? கிளைக்குள் கிளை பிரிகிற இடத்தில் மணிக்கணக்கு இன்னும் பிழைக்கிறது. எங்களிடம் அப்படி ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதை வைத்துச் சரிபார்க்க முடியவில்லை.